நீரின் ஊற்றும் மின்கலத்தின் விலையும்

ஒரு பொருளின் விலை வீழும்போது அதனை விஞ்ஞானத்தின் வெற்றி என்று போற்றுவது வழக்கம். விஞ்ஞானத்தின் பங்கை நாம் மறுக்கவில்லை. ஆயினும் விலை என்பது மனித உறவுகளின் கணக்குமாகும். எவருடைய உழைப்பு மலிவாகக் கொள்ளப்பட்டது, எவருக்கு அதன் பயன் போய்ச் சேர்ந்தது என்ற இரு வினாக்களும் அதனுள் அடங்கியிருக்கின்றன. மோட்டார் வாகன மின்கலம் மலிவடைந்த வரலாற்றை டயகமத் தோட்டங்களில் நின்று நோக்கினால் இவ்வுண்மை தெளிவாகும்.

மின்சாரக் கார் புதியதன்று. பெற்றோல் எந்திரத்தையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் இணைக்கும் முயற்சியை 1900ஆம் ஆண்டளவிலேயே வியன்னாவின் லோனர் நிறுவனத்தில் ஃபெர்டினாண்ட் போர்ஷே மேற்கொண்டார். ஆனால் அன்றைய ஈய மின்கலத்தின் பாரம் பெரிது. அதில் தேங்கிய சக்தியோ சிறிது. 1908இல் ஃபோர்டின் ‘மாடல் டி’ வந்தது. மலிவான பெற்றோலும் மலிவான காரும் கைகோர்க்க, மின்சாரக் கார் வீதியினின்றும் மறைந்தது.

அதே காலத்தில் நம் மலைகளில் வேறொரு வரலாறு கருக்கொண்டது. மலையக நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918இல் கட்டுரை வரைந்தார். அவர் கனவு கண்ட லக்சபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கலாயிற்று. மலையிலிருந்து கொழும்புக்கு மின்கம்பிகள் ஓடின. அதற்கு ஈராண்டுகள் முன்பு, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், அம்மலைகளைப் பொன் விளையும் பூமியாக்கிய தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியிருந்தது. ஆற்றின் வலிமை தேசத்தின் சொத்தாயிற்று. ஆற்றங்கரையில் வாழ்ந்தோர் தேசத்துக்கு அந்நியராயினர்.

பின்னர் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. டயகமப் பள்ளத்தாக்கில் ஓடும் ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவை வளர்த்து மகாவலியைச் சேர்கிறது. அந்நீரைத் தலவாக்கலையில் மறித்து, 150 மெகாவாற்று வலுவுள்ள மேல் கொத்மலை மின்நிலையம் 2012இல் திறக்கப்பட்டது. மின்சாரம் பிறந்த மலைகளிலோ லயக் காம்பராக்கள் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கில் கிடந்தன. கார் மின்கலம் அவ்வீடுகளுக்குக் காருடன் வரவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியை இயக்குவதற்காகத் தனியே வந்தது. அதனைச் சுமந்து கடைவீதிக்குச் சென்று, காசு கொடுத்து ‘சார்ஜ்’ ஏற்றி, மீண்டும் மலையேறிய தொழிலாளர் தம் ஆற்றின் சக்தியையே விலை கொடுத்து வாங்கி வந்தனர்.

உலகச் சந்தையிலும் மின்கலத்தின் கதை மாறிக்கொண்டிருந்தது. 1991இல் ஜப்பானின் சோனி நிறுவனம் லிதியம்-அயன் மின்கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1997இல் டொயோட்டாவின் பிரியஸ் ஹைபிரிட் கார் வந்தது. அதன் சிறிய மின்கலம் சொந்த எந்திரத்தாலும் தடைபிடிக்கும்போது மீளும் சக்தியாலும் நிரம்பிற்று. வீட்டுச் சுவரிலிருந்து மின்னேற்றும் பிளக்-இன் ஹைபிரிட் கார், 2008 டிசம்பரில் சீனாவின் பிவைடி நிறுவனத்திடமிருந்தும், 2010இல் அமெரிக்காவின் செவ்ரொலே வோல்ட் என்ற பெயரிலும் வெளிவந்தது. இவ்வண்டி மின்கல விலையின் குழந்தை எனலாம். முழுத்தூரத்துக்கும் மின்கலம் வைத்தால் விலை தாங்காது; ஆகவே அன்றாடப் பயணத்துக்கு அளவான மின்கலமும், நெடும்பயணத்துக்கு எந்திரமும் வைத்தனர்.

2010இல் ஒரு கிலோவாற்று மணி மின்கலத்தின் சராசரி விலை 1,000 அமெரிக்க டொலருக்கு மேல். 2024இல் அது 115 டொலர். இவ்வீழ்ச்சிக்கு ஆய்வுகூடங்கள் மட்டும் காரணமல்ல. பிவைடி 1995இல் மின்கலத் தொழிலாகவே பிறந்தது. விலையுயர்ந்த எந்திரங்களை வாங்காமல், அவ்வேலையைப் பல கூறுகளாக்கி ஆயிரக்கணக்கான தொழிலாளரின் கைகளில் ஒப்படைத்தே அது ஜப்பானிய விலையை வென்றது. மின்கலத்துக்கு வேண்டிய கோபால்ட்டின் பெரும்பகுதி கொங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் உழைத்தமையை உலகம் அறியும். கோபால்ட் வேண்டாத மின்கலங்கள் இன்று பெருகுவது நல்ல செய்தியே. ஆயினும் மலிந்த சரக்கின் பின்னால் மலிந்த கைகள் உண்டென்பதைக் கொழுந்து பறித்த சமூகத்துக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இலங்கையில் இக்கார்களின் வருகையை விஞ்ஞானத்தைவிட வரியே தீர்மானித்தது. வரிச்சலுகை கிடைத்தபோது நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இறங்கின; 2015 நவம்பரின் வரவுசெலவுத் திட்டம் வரியை உயர்த்தியதும் வரவு குன்றியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் பெற்றோலுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, வெளிநாட்டில் உழைப்போர் தாம் அனுப்பும் டொலரைக் காட்டி மின்வாகனம் இறக்குமதி செய்யலாம் என்று அரசு அறிவித்தது. மத்திய கிழக்கின் வீடுகளில் பாத்திரம் துலக்கும் மலையகப் பெண்ணும் டொலர் அனுப்புபவள்தான். அவளுடைய டொலர் வீட்டாரின் அரிசிக்கும் பிள்ளையின் புத்தகத்துக்கும் போய்விடுகிறது. கார் வாங்க மிஞ்சுவதெங்கே? 2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது.

இனி ஒரு சிறு கணக்கு. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய். டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 ரூபாய் எனக் கொண்டால், மிகவும் மலிந்துவிட்டது எனப்படும் மின்கலத்தின் ஒரு கிலோவாற்று மணி, 25 நாட் கூலிக்கும் மேலாகும். பிளக்-இன் ஹைபிரிட் கார் ஒன்றுக்கு 15 கிலோவாற்று மணி வேண்டுமாயின், ஓராண்டில் ஒரு நாளும் ஓயாமல் கொழுந்து பறித்தாலும் அந்த மின்கலத்தின் விலை தேறாது. காரின் விலை அதற்கும் அப்பால்.

இதனால் மின்கலத்தை வெறுக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஆலையை வெறுத்து எந்திரத்தை உடைத்த தொழிலாளரும் பின்னர் ஆலையின் உரிமையைக் கேட்கக் கற்றனர். மலிந்த மின்கலம் தனியார் காருக்குள் மட்டும் அடைபட வேண்டிய விதி எதுவுமில்லை. மலைப்பாதையில் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்லும் பஸ்ஸுக்கும், நோயாளியை ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ இறக்கும் வண்டிக்கும் அது முதலில் வரலாம். பகல் வெயிலின் மின்சாரத்தைத் தேக்கி இரவில் ஒவ்வொரு வீட்டுக்கும் வழங்கலாம். வரிச்சலுகை என்பது பொதுப்பணம். அது எவருக்கு முதலில் போக வேண்டும் என்பதைச் சந்தை தீர்மானிக்க விடுவதா, மக்கள் தீர்மானிப்பதா?

ஆசிரியர்கள் வகுப்பறையில் மகாவலியின் நீளத்தைக் கற்பிக்கிறார்கள். அந்நீர் எவருடைய வாசலைக் கடந்து போகிறது, எவருடைய வாசலில் ஒளியாகத் திரும்புகிறது என்பதையும் மாணவர் கேட்கப் பழகட்டும். அக்கேள்வி எழாதவரை, மின்கலம் எத்துணை மலிந்தாலும் அதன் கணக்கு லயத்து வீட்டின் செலவுப் பக்கத்திலேயே எழுதப்பட்டு வரும்.