தோரணம்: இலையும் வாசலும்

“ஆர்ச்சுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்” என்றார் நண்பர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் அந்த இடம் தெரியாதவர் குறைவு. இரண்டு தூண்கள், மேலே வளைந்த மூன்று குறுக்குவிட்டங்கள். சாஞ்சி ஸ்தூபியின் வாயிலை மாதிரியாக வைத்து இந்திய அரசு அன்பளிப்பாகக் கட்டித் தந்தது. 2015 நவம்பர் 23 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் திறந்துவைத்தார்கள். பெயர் ‘தோரணா கேட்’.

தோரணம் என்றால் நமக்கு மாவிலைதான், குருத்தோலைதான். என் பாட்டி குருத்தோலையை நகத்தால் கீறி மடிப்பார். கல்யாண வீட்டுக்கு ஒரு மடிப்பு, துக்க வீட்டுக்கு வேறு மடிப்பு. மாற்றி மடித்துவிடுவோம் என்று பிள்ளைகளைப் பக்கத்தில் அண்டவிட மாட்டார்.

வடமொழியில் தோரணம் என்பது வாயில். அந்த வாயிலில் செய்யும் அலங்காரத்துக்கும் அதே பெயர். தமிழுக்கோ சொந்தச் சொல் இருந்தது. இல்லின் வாய், அதாவது ‘இல்வாய்’, முன்பின் மாறி ‘வாயில்’ ஆயிற்று. ‘முன்றில்’ பிறந்ததும் இப்படித்தான். வாயிலே பிறகு வாசலானது. கட்டடத்தை வாசல் எடுத்துக்கொள்ள, இலை தோரணத்தின் பங்குக்கு வந்தது என்பது என் எண்ணம்.

ஆனாலும் பழைய பொருளைத் தமிழ் அறியாமல் இல்லை. கரிகாலனுக்கு அவந்தி வேந்தன் ஒரு தோரண வாயிலைக் கொடுத்ததாகவும், அது புகாரில் நின்றதாகவும் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவந்தி இன்றைய மத்தியப் பிரதேசப் பகுதி. சாஞ்சி இருப்பதும் அந்த மாநிலத்தில்தான்! அன்று புகாருக்கு வந்த பரிசும் இன்று பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த பரிசும் ஏறக்குறைய ஒரே திசையிலிருந்து வந்தவை என்று தெரிந்த நாளில் எனக்கு மெய்சிலிர்த்தது.

இன்னொன்றும் உண்டு, அது பரிசு அல்ல. 1025-இல் கடல் கடந்து படையெடுத்த முதலாம் இராசேந்திரன் கடாரத்து அரசனிடம் கைப்பற்றியவற்றை அவன் மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்துகிறது. யானைகளோடும் பெருநிதியோடும், நகரின் போர்வாசலில் இருந்த ‘விச்சாதிரத் தோரணம்’ அதில் இடம்பெறுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலும் அதை வெட்டி வைத்திருக்கிறார்கள். கடாரம் என்பது நம் கெடா. அங்கே தோரணம் என்றது மாவிலையை அல்ல, வாசலை.

அந்தப் படையெடுப்புக்கு 990 ஆண்டுகள் கழித்து இந்த மண்ணில் ஒரு தோரணம் எழுந்து நிற்கிறது. ‘ஆர்ச்’ வேண்டாம், ‘தோரணா கேட்’டும் வேண்டாம். அடுத்த முறை யாராவது வழி கேட்டால், ‘தோரண வாயில் பக்கம் வாங்க’ என்று சொல்லுங்கள்.