தண்ணீரில் சூடாகும் மஸ்டாங், காற்றில் சூடாகும் பீட்டில்

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் நம்மவர்கள் வார இறுதியில் சுற்றிவரும் கிரேட் மால், 1983 வரை ஃபோர்டு கார் ஆலை. நியூ ஜெர்சியின் எடிசனிலும் ஃபோர்டு ஆலை ஒன்று இருந்து 2004இல் மூடப்பட்டது. 1960களின் மஸ்டாங் டெட்ராய்ட் பக்கத்து டியர்பார்னோடு இந்த இரண்டு ஊர்களிலும் உருவானது. வண்டியின் அடையாள எண்ணில் (VIN) இரண்டாவது எழுத்து ‘ஆர்’ என்றால் மில்பிடாஸ், ‘டி’ என்றால் எடிசன். அதே காலத்தில் அமெரிக்கச் சாலைகளில் மஸ்டாங்குக்கு நேர் எதிரான வண்டியாக ஓடியது ஃபோக்ஸ்வேகன் பீட்டில். கராஜில் பல வருடம் கிடந்த இந்த இரண்டில் எதை எழுப்பினாலும் முதலில் வரும் புகார், இன்ஜின் சூடாகிறது என்பதுதான். ஆனால் ஒன்றுக்குப் பார்க்கும் வைத்தியம் மற்றதற்கு உதவாது.

மஸ்டாங்கில் வெப்பமானி முள் ஏறியதும் புது ரேடியேட்டர் வாங்க ஓடுகிறார்கள். முதலில் முள் சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டும். வெப்பமானியும் பெட்ரோல் மானியும் டேஷ்போர்டின் பின்னால் உள்ள ஒரே சிறு ரெகுலேட்டரிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. பாதி டேங்கில் பெட்ரோல் முள்ளும் ‘ஃபுல்’ காட்டினால், சந்தேகம் அந்த ரெகுலேட்டர் மேல் விழ வேண்டும்.

முள் பொய் சொல்லவில்லை என்றால் அடுத்த கேள்வி, எப்போது சூடாகிறது? சிக்னலில் நிற்கும்போது என்றால் காற்றோட்டம் போதவில்லை. ஃபேனையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். ஹைவேயில் என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் உறிஞ்சும் பக்கம்; ரப்பர் தளர்ந்திருந்தால் வேகத்தில் சப்பையாகி வழியை அடைத்துவிடும். வண்டியை நிறுத்திப் பார்த்தால் ஹோஸ் ஒழுங்காகவே இருக்கும். ஆக்சிலரேட்டரை ஒருவர் மிதிக்க, இன்னொருவர் விலகி நின்று கவனிக்க வேண்டும். இன்ஃப்ராரெட் வெப்பமானியை ரேடியேட்டர் முழுக்கக் காட்டினால், குளிர்ந்த திட்டுகள் அடைபட்ட குழாய்களைக் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறங்கள். கூலன்ட் காபி நிறத்தில் இருந்தால் துரு இன்ஜின் பிளாக்கின் அடியில் வண்டலாகப் படிந்திருக்கிறது. அதைக் கழுவாமல் ரேடியேட்டரை மாற்றினால் புதியதும் அடைத்துக்கொள்ளும். (பழைய கூலன்டைத் தரையில் கொட்டாதீர்கள், இனிப்பாக இருப்பதால் நாய் பூனைகள் நக்கிச் சாகும்.)

இவ்வளவுக்கும் பிறகு சூடு குறையவில்லையா? இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். கிராங்க் முனையில் உள்ள டாம்பரின் ரப்பர் காய்ந்து வெளிவளையம் நழுவினால் டைமிங் குறியே இடம் மாறிவிடும். அந்தப் பொய்க் குறியை நம்பி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினால் இன்ஜின் கொதிக்கும்.

பீட்டிலில் ரேடியேட்டரும் கிடையாது, கூலன்டும் கிடையாது. கம்பெனி கொடுத்த வெப்பமானியும் கிடையாது. ஜெனரேட்டர் தண்டில் பூட்டிய ஃபேன் தகரக் கூடுக்குள் காற்றை அடித்து சிலிண்டர்களைக் குளிர்விக்கும். வண்டி தூங்கிய காலத்தில் அந்தக் கூடுதான் எலிக்கு வீடு. கந்தலும் காய்ந்த புல்லும் ஒரு சிலிண்டர் மேல் அடைத்துக்கொண்டால் அது மட்டும் வேகும். வெளியே எதுவும் தெரியாது. இன்ஜின் அறையைச் சுற்றிய ரப்பர் பட்டை உதிர்ந்திருந்தால் கீழிருக்கும் சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கும். 1971க்கு முந்தைய வண்டிகளில் மூன்றாம் சிலிண்டர் மேல் ஆயில் கூலர் காற்றை மறித்து உட்கார்ந்திருப்பதால் அடி அதற்கே முதலில் விழும். ஜெனரேட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தால் சார்ஜ் இல்லை என்று மட்டும் எண்ணி ஓட்டிக்கொண்டே போகக் கூடாது. பெல்ட் அறுந்திருந்தால் ஃபேனும் நின்றுவிட்டது. உடனே ஓரங்கட்ட வேண்டும்.

பே ஏரியாவின் குளிர்காற்றில் தேறிய வண்டி டெக்சாஸின் ஆகஸ்ட் வெயிலில் தேறும் என்று சொல்ல முடியாது. இது இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் மஸ்டாங் ஆவி விட்டு, ஒழுகி, ஊரைக் கூட்டும். பீட்டில் சத்தமில்லாமல் வால்வை எரித்துக்கொள்ளும். ஆகவே முதல் பழைய கார் வாங்குகிறவருக்கு என் ஓட்டு மஸ்டாங்குக்கே. பீட்டில்தான் வேண்டும் என்றால், போனில் இணைக்கும் சிறு கேமராவை ஃபேன் கூட்டுக்குள் விட்டுப் பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.