விஹார் ஏரியும் அதன் மறுகாலும்

விடியற்காலையில் குழாயடியில் குடத்துடன் காத்திருப்பது தாராவித் தமிழர்க்குப் பழகிய காரியம். மாதுங்காவிலும் செம்பூரிலும் மாடி வீடுகளில் வாழ்வோர்க்கும் தொலைதூர ஏரிகளின் நீரே வருகிறது. அந்த ஏரிகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

முன்னாளில் இத்தீவு மக்கள் கிணறுகளையும் குளங்களையுமே நம்பியிருந்தனர். 1850-களின் நடுவில் கடுமையான நீர்த்தட்டுப்பாடு நேர்ந்தது. ஹென்றி கானிபேர் என்னும் பொறியாளரின் திட்டப்படி மித்தி ஆற்றின் பள்ளத்தாக்கில் அணை எழுந்தது. 1860-இல் விஹார் ஏரி உருவாயிற்று. மக்கள் பெருகப் பெருக, நகரம் மேலும் தொலைவில் நீர் தேடிச் சென்றது. துளசி 1879-இலும், தான்சா 1892-இலும், வைதரணா 1957-இலும் வந்தன. இன்று ஏழு ஏரிகள் இந்நகருக்கு நீர் தருகின்றன.

இவையனைத்தும் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களில் நிரம்பியாக வேண்டும். 2024-இல் கையிருப்புக் குறையவே, ஜூன் 5 முதல் குடிநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைக்கப்பட்டது. இதற்கு நேர்மாறாக, 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி கரைபுரண்டது, நகரம் மூழ்கியது. ஆயினும் நகரில் பெய்யும் மழையில் பெரும்பகுதி கடலையே சேர்கிறது. நாம் பருகும் நீரில் பெரும்பங்கைத் தரும் ஏரிகளோ நகருக்கு வெளியே, தொலைவில் உள்ளன.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலாக நீராவியைத் தாங்கவல்லது. மத்திய இந்தியாவில் 1950 முதல் 2015 வரை பரவலான பெருமழைகள் ஏறத்தாழ மூன்று மடங்காயின என ஆய்வாளர் கண்டனர். எனவே, ஆண்டு மழையின் மொத்த அளவை மட்டும் கூட்டிப் பார்த்தல் போதாது. எப்பொழுது பெய்தது, எங்குப் பெய்தது, எத்தனை மணி நேரத்தில் பெய்தது என்பனவற்றையும் கணக்கிடல் வேண்டும்.

நெல்லைச் சீமையில் ஒரு குளம் நிரம்பினால், மிகுநீர் மறுகால் வழியே அடுத்த குளத்துக்குப் பாயும். மறுகாலை அடைத்தால் ஊர் மூழ்கும் என்பது அங்குள்ள உழவர் அனைவரும் அறிந்தது. விஹார், பவாய் ஏரிகளின் மறுகால்தான் மித்தி ஆறு. அது தாராவியை ஒட்டிச் சென்று மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. நகரம் வளர வளர அதன் படுகை குறுகிற்று. குழாயில் வரும் நீரைப்போலவே மறுகாலில் ஓடும் நீரும் நம் கவலைக்குரியது என்பதை நாம் மறத்தலாகாது.