கவிவனார் (எழுத்துரு)

கவிவனார் கையெழுத்துச் சாயல் கொண்ட தமிழ் யூனிகோடு எழுத்துரு. இலங்கையைச் சேர்ந்த வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கியது. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் கிடைக்கிறது. வணிகப் பயன்பாட்டுக்கும் கட்டணமில்லை.

தோற்றம்: எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து, வேகமாக எழுதிய குறிப்பைப் போல் தெரியும். தடிமன் ஒன்றே. தமிழுடன் இலத்தீன் எழுத்துகளும் உண்டு.

அமைப்பு: சேமிக்கப்படுவது வழக்கமான யூனிகோடு உரையே. 'கொ' என்று தட்டினால் கொம்பு முன்னும் கால் பின்னும் தாமாக அமரும். பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களைப் போலன்றி, உரையை இணையத்தில் நேரடியாகத் தேடலாம், எந்த யூனிகோடு எழுத்துருவுக்கும் மாற்றலாம்.

பயன்: அழைப்பிதழ், வாழ்த்து அட்டை, சிறுவர் நூல் அட்டை, குற்றாலச் சாரல் விழா போன்ற கொண்டாட்டங்களின் சுவரொட்டித் தலைப்பு ஆகியவற்றுக்குப் பொருந்தும். நீண்ட பத்திகளுக்கும் விண்ணப்பப் படிவங்களுக்கும் நேர் எழுத்துருவே ஏற்றது. சிறிய அளவில் அச்சிடுமுன் ண, ன ஆகியவற்றின் சுழிகளும் மெய்ப்புள்ளியும் தெளிவாக விழுகின்றனவா என்று மாதிரிப் படி எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதே தொகுப்பில் விளையாட்டுத் தோற்றம் கொண்ட பிற தமிழ் எழுத்துருக்கள்: பலூ தம்பி, காய்னி.