மாணவர் விவாதப் போட்டி

மாணவர் விவாதப் போட்டி என்பது, கொடுக்கப்பட்ட ஒரு தலைப்பை ஆதரித்தும் எதிர்த்தும் மாணவர்கள் வரையறுக்கப்பட்ட நேரத்துக்குள் வாதிட, நடுவர்கள் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் போட்டி ஆகும். பேச்சுப் போட்டியில் ஒருவர் தாம் ஆயத்தம் செய்த உரையை நிகழ்த்தினால் போதும். விவாதப் போட்டியிலோ எதிர்த்தரப்பினர் கூறியதைக் கேட்டு அதற்கு மறுப்புக் கூறுவது கட்டாயம். மேலும், எந்தத் தரப்பில் பேசுவது என்பதைப் பெரும்பாலான போட்டிகளில் பேச்சாளர் தெரிவு செய்வதில்லை. குலுக்கல் முறையே அதனை முடிவு செய்கிறது. ஒருவர் தாம் நம்பாத கருத்துக்காகவும் வாதிட நேர்வது இப்போட்டியின் முதன்மையான இயல்பாகும்.

வரலாறு

இந்திய மரபில் வாதத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டிருந்தன. நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறியும் பொருட்டு நிகழ்வது வாதம். வெற்றி ஒன்றையே நோக்கமாகக் கொண்டது சற்பம். தனக்கென ஒரு கொள்கையை நிலைநாட்டாமல் பிறர் கொள்கையை மறுப்பது மட்டும் விதண்டை. தமிழில் இன்றும் வழங்கும் விதண்டாவாதம் என்ற சொல் இதிலிருந்து வந்ததே. வாதி ஒருவர் தோற்றதாகக் கொள்ளப்படும் 22 நிலைகளையும் அந்நூல் பட்டியலிடுகிறது. தன் கூற்றுக்குத் தானே முரண்படுதல், பேசுபொருளை மாற்றுதல், மறுமொழி தோன்றாமல் நிற்றல் முதலியன அவற்றுள் அடங்கும்.

தமிழ் நூல்களில் மணிமேகலை, புகார் நகரின் இந்திர விழாவில் சமயவாதிகள் ஏறி வாதிடும் பட்டிமண்டபத்தைக் குறிப்பிடுகிறது. குண்டலகேசியின் கதையில் வாதுக்கு அழைப்பவர் நாவல் மரக்கிளையை நட்டு வைக்கும் வழக்கம் கூறப்படுகிறது. நீலகேசி முழுவதும் சமய வாதங்களால் அமைந்த காப்பியம் ஆகும்.

இவ்வகை வாதங்களில் தோற்றவர் வென்றவரின் கொள்கையை ஏற்பது மரபாக இருந்தது. திருவரங்கத்தில் இராமானுசருக்கும் அத்வைதியான யக்ஞமூர்த்திக்கும் பல நாட்கள் வாதம் நடந்ததாக வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. தோற்ற யக்ஞமூர்த்தி இராமானுசரின் சீடராகி, அருளாளப் பெருமாள் எம்பெருமானார் என்ற பெயரைப் பெற்றார் என்பது மரபுச் செய்தி. இங்கே பணயமாக வைக்கப்பட்டது வாதியின் கொள்கையே ஆகும்.

இன்றைய மாணவர் விவாதம் வேறொரு வழியில் தோன்றியது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் விவாதச் சங்கங்கள் ஏற்பட்டன. கேம்பிரிட்ஜ் யூனியன் 1815-லும் ஆக்சுபோர்டு யூனியன் 1823-லும் தொடங்கப்பட்டன. இவை நாடாளுமன்ற நடைமுறைகளைப் பின்பற்றின. உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி 1981-ஆம் ஆண்டு கிளாசுக்கோவில் முதன்முதலாக நடைபெற்றது. பள்ளி மாணவர்களுக்கான உலகப் போட்டி 1988-இல் ஆசுத்திரேலியாவில் தொடங்கியது. இந்தியாவில் 1966-67 கல்வியாண்டில் தில்லிப் பள்ளிகளில் நடுவண் அரசின் இளைஞர் நாடாளுமன்றத் திட்டம் தொடங்கப்பட்டது. அது அவை நடவடிக்கைகளை நடித்துக் காட்டும் பயிற்சியாதலால் விவாதப் போட்டியினின்று வேறுபட்டது.

பொது விதிகள்

வடிவங்கள் பலவாயினும் சில விதிகள் பொதுவானவை.

* தலைப்பு இரு தரப்புக்கும் வாதிட இடம் தருவதாக இருக்க வேண்டும். தலைப்பிலுள்ள சொற்களுக்குப் பொருள் வரையறுக்கும் உரிமை ஆதரிக்கும் தரப்பின் முதற் பேச்சாளருக்கு உரியது. எதிரணியால் மறுக்கவே முடியாதபடி வரையறுப்பது விதிமீறல் ஆகும்.
* தலைப்பை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலில் ஆதரிக்கும் தரப்பையே சாரும்.
* ஒவ்வொரு பேச்சாளருக்கும் சமமான நேரம் அளிக்கப்படும். நேரக்காப்பாளர் மணியடித்தோ கைதட்டியோ நேரத்தை அறிவிப்பார்.
* இறுதியாக வழங்கப்படும் தொகுப்புரையில் புதிய வாதங்களைச் சேர்த்தல் கூடாது. அவற்றுக்கு மறுமொழி கூற எதிரணிக்கு வாய்ப்பு இராது என்பதே காரணம்.
* கருத்தைத் தாக்கலாம். பேசுபவரைத் தாக்கக் கூடாது.

வடிவங்கள்

பிரித்தானிய நாடாளுமன்ற முறை

உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியில் பின்பற்றப்படும் முறை இது. ஒரு விவாதத்தில் இருவர் கொண்ட நான்கு அணிகள் பங்கேற்கின்றன. இரண்டு அணிகள் அரசுத் தரப்பிலும் இரண்டு அணிகள் எதிர்த்தரப்பிலும் அமையும். பேச்சாளர்கள் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், உறுப்பினர், கொறடா எனப் பதவிப் பெயர்களால் அழைக்கப்படுவர். தலைப்பு அறிவிக்கப்பட்ட 15 நிமிடங்களில் விவாதம் தொடங்கும். ஒவ்வொருவரும் 7 நிமிடம் பேசுவர்.

ஒருவர் பேசும்போது எதிர்த்தரப்பினர் எழுந்து நின்று இடையீட்டுக் கேள்வி கேட்க அனுமதி கோரலாம். ஏற்பதும் மறுப்பதும் பேசுபவரின் உரிமை. கேள்வி 15 வினாடிக்கு மேல் நீளக் கூடாது. முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் இடையீட்டுக்கு இடமில்லை.

நான்கு அணிகளும் ஒன்றுக்கொன்று போட்டியாளர்களே. ஒரே தரப்பிலுள்ள இரண்டு அணிகள் தமக்குள் முரண்படாமலும், அதே வேளையில் ஒன்றைவிட மற்றொன்று சிறந்தது என்று காட்டியும் வாதிட வேண்டும். முடிவில் நான்கு அணிகளுக்கும் வரிசை இடப்பட்டு முறையே 3, 2, 1, 0 புள்ளிகள் வழங்கப்படுகின்றன.

ஆசிய நாடாளுமன்ற முறை

இம்முறையில் மூவர் கொண்ட இரண்டு அணிகள் மோதும். மூன்று தலைப்புகள் தரப்படும். அவற்றை இரு அணிகளும் தத்தம் விருப்பப்படி வரிசைப்படுத்த, ஒன்று தெரிவாகும். ஆயத்த நேரம் 30 நிமிடம். ஒவ்வொருவரும் 7 நிமிடம் பேசிய பின், ஒவ்வோர் அணியின் முதல் அல்லது இரண்டாம் பேச்சாளர் 4 நிமிடத் தொகுப்புரை வழங்குவார். எதிரணியே தொகுப்புரையை முதலில் வழங்கும். இதனை ஒத்த ஆசுத்திரேலிய முறையில் இடையீட்டுக் கேள்விகள் இல்லை.

உலகப் பள்ளிகள் முறை

ஓர் அணியில் ஐவர் வரை இருக்கலாம். ஒரு விவாதத்தில் மூவர் பேசுவர். உரைக்கு 8 நிமிடமும் தொகுப்புரைக்கு 4 நிமிடமும் ஒதுக்கப்படும். சில தலைப்புகள் பல நாட்களுக்கு முன்பே அறிவிக்கப்படுகின்றன. மற்றவை ஒரு மணி நேரத்துக்கு முன் தரப்படுகின்றன. உள்ளடக்கத்துக்கு 40, பேசும் முறைக்கு 40, உத்திக்கு 20 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டுள்ளன.

அமெரிக்க முறைகள்

கொள்கை விவாதம் எனப்படும் முறையில் ஒரே தலைப்பு கல்வியாண்டு முழுவதும் விவாதிக்கப்படுகிறது. இருவர் கொண்ட அணிகள் ஆவணச் சான்றுகளைத் திரட்டி வாதிடுவதும், ஒவ்வோர் ஆக்க உரைக்கும் பின் குறுக்கு விசாரணை செய்வதும் இதன் சிறப்பியல்புகள். லிங்கன்–டக்ளசு முறையில் ஒருவரை எதிர்த்து ஒருவர் வாதிடுவர். இல்லினாய் மாநிலத்தில் 1858-இல் ஆபிரகாம் லிங்கனும் இசுடீபன் டக்ளசும் நடத்திய ஏழு விவாதங்களின் நினைவாக இப்பெயர் ஏற்பட்டது.

இந்தியக் கல்லூரி முறைகள்

தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களின் கல்லூரிகளில் நீண்ட காலமாக வழங்கி வரும் மரபு முறையில், ஒவ்வொரு கல்லூரியும் இருவரை அனுப்பும். ஒருவர் தலைப்பை ஆதரித்தும் மற்றவர் எதிர்த்தும் பேசுவர். இருவரின் மதிப்பெண்களையும் கூட்டிக் கல்லூரிக்குச் சுழற்கோப்பை வழங்கப்படும். ஒரே கல்லூரியைச் சேர்ந்தவர்கள் எதிரெதிராக நிற்பதால் எந்தக் கல்லூரிக்கும் தலைப்பால் சாதகம் ஏற்படுவதில்லை.

கலைவிழாக்களில் டர்ன்கோட் என்னும் கட்சி மாறிப் பேசும் போட்டியும் உண்டு. ஒரே பேச்சாளர் ஆதரித்துப் பேசத் தொடங்கி, நடுவர் குறிப்புக் காட்டியவுடன் எதிர்த்துப் பேச வேண்டும்.

பட்டிமன்றமும் விவாதப் போட்டியும்

தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் அறிவது பட்டிமன்றத்தையே. இருபதாம் நூற்றாண்டில் குன்றக்குடி அடிகளார் போன்றோர் இதனை மக்களிடையே பரவச் செய்தனர். கம்பன் கழக மேடைகளும் பின்னர் தொலைக்காட்சியும் இதனை வளர்த்தன. பட்டிமன்றத்தில் நடுவரே நிகழ்ச்சியின் மையம். அவர் தலைப்பை விளக்கித் தொடங்குவார், பேச்சுகளுக்கிடையே கருத்துரைப்பார், இறுதியில் தீர்ப்பு வழங்குவார். இரு தரப்பையும் இணைத்து மூன்றாவது முடிவொன்றைக் கூறவும் அவருக்கு உரிமை உண்டு. தீர்ப்பு தலைப்பைப் பற்றியது.

விவாதப் போட்டியில் நடுவர் விவாதம் முடியும் வரை பேசுவதில்லை. அவரது தீர்ப்பு தலைப்பைப் பற்றியதன்று. எந்த அணி சிறப்பாக வாதிட்டது என்பதைப் பற்றியது. பட்டிமன்றத்தில் அவையோரின் சிரிப்பையும் கைதட்டலையும் பெறும் உவமையோ கதையோ, எதிரணியின் வாதத்துக்கு விடையாக அமையாவிடில் விவாதப் போட்டியில் வெற்றி தேடித் தராது. நல்ல பட்டிமன்றப் பேச்சாளர் விவாதப் போட்டியில் தோற்பதற்கு இவ்வேறுபாடே பெரும்பாலும் காரணமாகிறது.

தீர்ப்பு முறை

நடுவர்கள் தலைப்பைப் பற்றிய தம் சொந்தக் கருத்தையும் சிறப்பு அறிவையும் ஒதுக்கி வைத்து, பொது அறிவுள்ள சராசரிக் குடிமகனாகத் தம்மைப் பாவித்துக்கொள்ள வேண்டும். எதிரணி சுட்டிக்காட்டாத பிழைக்காக ஓர் அணியைத் தாமாகவே வீழ்த்துதல் முறையன்று. பிரித்தானிய முறையில் நடுவர்கள் கலந்து பேசி ஒருமித்த முடிவுக்கு வர முயல்வர். உலகப் பள்ளிகள் முறையில் ஒவ்வொரு நடுவரும் பிறரைக் கலக்காமல் வாக்களிப்பர், பெரும்பான்மை வென்றதாகும். முடிவுக்கான காரணங்களை அணிகளுக்கு விளக்குவதும் நடுவரின் கடமையாகும்.

தரப்பும் சொந்தக் கருத்தும்

நம்பாத ஒன்றுக்காக வாதிடுவது சரியா என்ற வினா பலமுறை எழுந்துள்ளது. 1933 பெப்ரவரி 9 அன்று ஆக்சுபோர்டு யூனியன், மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் எந்நிலையிலும் போரிடப் போவதில்லை என்ற தீர்மானத்தை 275-க்கு 153 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றியது. மாணவர் சங்கம் ஒன்றின் இவ்வாக்கெடுப்பு நாட்டுப்பற்றின்மையாகக் கருதப்பட்டுப் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அமெரிக்காவில் 1954-55 கல்வியாண்டுக்கான கல்லூரி விவாதத் தலைப்பு, கம்யூனிச சீன அரசை அங்கீகரிப்பது பற்றியது. ஆதரித்துப் பேசினால் அதுவே தம் நிலைப்பாடு என்று கொள்ளப்படும் என அஞ்சி, அந்நாட்டின் தரைப்படைக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் தம் மாணவர்கள் அத்தலைப்பில் வாதிடுவதைத் தடை செய்தன.

குலுக்கல் முறையை ஆதரிப்போர் இதற்கு எதிரான காரணத்தை முன்வைக்கின்றனர். தரப்பு குலுக்கலில் அமைவதால்தான் மாணவர் அச்சமின்றிப் பேச முடிகிறது. எதிர்க்கருத்தை அதன் வலிமையான வடிவில் அறியவும் முடிகிறது என்பது அவர்கள் வாதம். திருவரங்க வாதத்தில் தோற்றவர் தம் கொள்கையைக் கைவிட்டார். இங்கே தோற்றவர் எதையும் கைவிட வேண்டியதில்லை. வெற்றி மட்டுமே குறியாகும்போது இது சற்பமாக முடியும் என்பது எதிர்ப்போரின் கருத்து.

தமிழும் மாணவர் விவாதமும்

உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி இந்தியாவில் முதன்முறையாக, 2013 டிசம்பர் இறுதியிலும் 2014 ஜனவரித் தொடக்கத்திலும் சென்னையில் நடைபெற்றது. இராஜலட்சுமி கல்வி நிறுவனம் அதனை நடத்தியது. ஆர்வர்டு பல்கலைக்கழக அணி வென்றது. இப்போட்டி ஆங்கிலத்திலேயே நடத்தப்படுகிறது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவும் அயல்மொழியாகவும் கற்றவர்களுக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன.

தமிழகக் கல்லூரிகளிலும் நாடாளுமன்ற முறை விவாதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. தமிழுக்குப் பேச்சுப் போட்டியும் பட்டிமன்றமும் ஒதுக்கப்படுகின்றன. இதனால் தமிழ்வழி பயின்ற மாணவர்கள் இடையீட்டுக் கேள்வி, மறுப்புரை ஆகியவற்றில் பயிற்சி பெறும் வாய்ப்புக் குறைகிறது. இக்குறை மொழியால் வந்ததன்று. இலங்கையில் பாடசாலைகளின் தமிழ் மன்றங்கள் அணி விவாதங்களை நடத்தி வருகின்றன. தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் விவாதம் இடம்பெறுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மாணவர்கள் தமிழில் சொற்போர் நிகழ்த்துகின்றனர். விதிகள் எம்மொழிக்கும் பொதுவானவை. இரண்டு அணிகள், ஒரு தலைப்பு, ஒரு கடிகாரம், விதியறிந்த நடுவர் ஆகியவையே இப்போட்டிக்குத் தேவையானவை.

இவற்றையும் பார்க்க

* பட்டிமன்றம்
* வழக்காடு மன்றம்
* நீலகேசி
* நியாயம்