தாலியும் பதிவும்: மலேசியக் குடியுரிமைச் சட்டத்தில் குழந்தையின் நிலை

2024 அக்டோபர் 17 அன்று மலேசிய மக்களவை ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. அதுவரை, வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தந்தை மலேசியராக இருந்தால்தான் சட்டப்படியே குடியுரிமை உண்டு. தாய் மட்டும் மலேசியர் என்றால் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். திருத்தத்தின்படி இருவரில் ஒருவர் மலேசியராக இருந்தாலே போதும். இது தாய்மார்கள் நீதிமன்றப் படியேறிப் போராடியதன் பலன். 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2001இல் அரசியலமைப்பின் 8ஆம் விதியில் பால் அடிப்படையிலான பாகுபாட்டுக்கும் தடை சேர்க்கப்பட்டதை முன்வைத்து, குடியுரிமை விதியை அதனோடு இசைத்தே படிக்க வேண்டும் என்றது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. மூவரில் நீதிபதி எஸ். நந்தபாலன் மட்டும் மாறுபட்டார்.

திருத்தம் முன்பே பிறந்த குழந்தைகளைச் சேர்க்காதது பெருங்குறை. அதைவிட ஆழமான குறை வேறிடத்தில் இருக்கிறது. பெற்றோரின் மணவாழ்வுக்குச் சட்டம் தரும் மதிப்பைக் கொண்டே குழந்தையின் குடியுரிமை இன்னும் தீர்மானிக்கப்படுகிறது.

அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பகுதி, 17ஆம் பிரிவு சொல்வது இதுதான்: சட்டப்படி மணம் ஆகாதவர்களுக்குப் பிறந்த குழந்தையைப் பொறுத்தவரை, தந்தையையோ பெற்றோரில் ஒருவரையோ குறிக்கும் இடமெல்லாம் தாயையே குறிக்கும். தாயின் உரிமையை மதிப்பதுபோலத் தோன்றினாலும், தாய் மலேசியர் அல்லாதபோது தந்தைவழி வரும் உரிமையை இப்பிரிவு அடியோடு அறுத்துவிடுகிறது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்தில் தீர்ப்பான வழக்கு இதற்குச் சான்று. தந்தை மலேசியர், தாய் பிலிப்பீன்ஸ் நாட்டவர். குழந்தை அங்கே பிறந்தபின்தான் திருமணம். நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் குழந்தைக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது. தந்தைவழிச் சட்டம் தந்தையின் பிள்ளையையே கைவிடுகிறது.

மலேசியத் தமிழருக்கு இது அயலார் விவகாரமன்று. 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. அதன்பின் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, முறைப்படி பதிவாகவும் வேண்டும். தோட்டப்புறத்தில் பதியாமல் விட்ட குடும்பங்கள் உண்டு. ஊரறியத் தாலி கட்டிய மனைவியின் பிள்ளையைப் பதிவேடு தகப்பனற்ற பிள்ளையாகவே நடத்துகிறது.

அத்தகைய வீடு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கணவரிடம் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை, மனைவியிடம் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டை, திருமணம் பதியப்படவில்லை. நாட்டுக்குள் பிறக்கும் இவர்கள் பிள்ளைக்கு 17ஆம் பிரிவால் தந்தைவழி அடைபடும். ஆனாலும் பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசி என்றாலே குடியுரிமை உண்டு என்ற பழைய விதியின்படி, தாயின் சிவப்பு அட்டை பிள்ளையைக் காக்கும். 2024 திருத்தம் அந்த நிரந்தரவாசிச் சலுகையை நீக்குகிறது. தந்தை குடிமகன், தாய் இம்மண்ணிலேயே வாழ்பவர். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் மட்டும் 'குடிமகன் அல்ல' என்று அச்சாகும். வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவராய் இங்கே பிறந்தவருக்கு இடம் தரும் விதி எஞ்சுகிறது. எந்த நாடும் தன்னை ஏற்கவில்லை என்று பிள்ளை எதைக் காட்டி மெய்ப்பிப்பது? அதற்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடியவர்கள் இருக்கிறார்கள்.

தேசியப் பாதுகாப்பு, இரட்டைக் குடியுரிமை ஆகியவை மலேசியத் தாயின் பிள்ளைக்குக் குடியுரிமை மறுக்க அரசு வழக்கமாகச் சொல்லிவந்த காரணங்கள். வெளிநாட்டுத் தாய்க்குப் பிறந்த மலேசியத் தந்தையின் பிள்ளையிடம் அரசு என்றும் காணாத ஆபத்து, மலேசியத் தாயின் பிள்ளையிடம் மட்டும் எப்படி வந்தது என்பதற்கு விடை இல்லை.

மலேசியா 1995இல் குழந்தை உரிமை உடன்படிக்கையிலும் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையிலும் சேர்ந்தது. பிள்ளைகளின் குடியுரிமையில் தாய்க்குச் சம உரிமை தரும் பின்னதன் 9ஆம் விதிக்கு அப்போதே விலக்குக் கோரியது. முதலில் அந்த விலக்கைக் கைவிட வேண்டும். 17ஆம் பிரிவை நீக்கி, தந்தை யார் என்பது மரபணுச் சோதனையாலோ அவரே ஒப்புக்கொள்வதாலோ உறுதியானால் திருமணப் பதிவைக் கேட்காமல் அவர்வழி உரிமையையும் பிள்ளைக்குத் தர வேண்டும். நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு இருந்த பாதுகாப்பையும் அட்டவணைக்குள் மீட்க வேண்டும்.