முந்திரி ஏணியும் எண்கோடும்

காலையும் மாகாணியையும் கூட்டினால் எவ்வளவு என்று திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டிருந்தால், “காலே மாகாணி” என்று சொல்லிவிட்டு விளையாடப் போயிருப்பான். அதே கணக்கை 1/4 + 1/16 என்று இன்றைய ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதிப் போட்டால், 2/20 என்ற விடை சில நோட்டுகளிலாவது வரும். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டிவிடுகிற பிழை. எல்லா நாட்டு ஆசிரியர்களும் திருத்தித் திருத்திச் சலித்த பிழை. பழைய பையன் கெட்டிக்காரன், புதியவன் மந்தம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. பழையவன் அந்தப் பிழையைச் செய்ய வழியே இல்லை. அவனுடைய பின்னத்துக்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது.

திண்ணைப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் கற்ற பிள்ளைக்கு முதலில் கிடைத்தது பொன்னிலக்கம். அது ஓர் ஏணி. அடிப்படி முந்திரி, 320-இல் ஒன்று. இரண்டு முந்திரி அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். மாவையும் காணியையும் சேர்த்தால் மாகாணி, அதாவது 16-இல் ஒன்று. வீசம் என்றாலும் அதுதான். காலில் பாதி அரைக்கால். ஒன்று கூட்டல், இன்னொன்று பெருக்கல், இரண்டும் பெயருக்குள்ளேயே முடிந்துவிட்டன. முந்திரிக்கும் கீழே போக வேண்டுமானால் அதே ஏணியை இன்னொரு முறை இறக்கிவைப்பார்கள். முந்திரியில் 320-இல் ஒன்று கீழ்முந்திரி, அதாவது 1,02,400-இல் ஒன்று.

இவற்றை மணலில் விரலால் எழுதி, ஒருவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லி, மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். சட்டாம்பிள்ளையான பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தான். எழும்பூரில் ஆண்பிள்ளைகளின் அநாதை விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த முறையைப் பார்த்துத்தான் 1797-இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. நாம் ஏற்றுமதி செய்தது சட்டாம்பிள்ளையை மட்டும்தான், முந்திரி கப்பலேறவில்லை.

இனி இன்றைய வகுப்பு. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையிலான பாடம் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பெருக்கல், வகுத்தல், பின்னம், தசமம், பரப்பளவு. இவற்றில் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் பின்னம். தொகுதி, பகுதி என்று இரண்டு முழு எண்களை ஒரு கோட்டுக்கு மேலும் கீழும் வைத்து, இரண்டும் சேர்ந்து ஒரே எண் என்று சொல்கிறோம். பிள்ளையின் கண்ணுக்கு இரண்டு எண்கள்தாம் தெரிகின்றன. 1978-இல் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்று கேட்டு, 1, 2, 19, 21 என்று நான்கு விடைகளையும் கொடுத்தார்கள். இரண்டுமே ஒன்றை ஒட்டியவை, ஆகவே 2. அதைத் தேர்ந்தவர்கள் 24 சதவீதம். பெரும்பாலோர் 19-ஐயோ 21-ஐயோ குறித்தார்கள். மேலே கூட்டினால் 19, கீழே கூட்டினால் 21.

திண்ணைப் பையன் இதில் ஜெயித்திருப்பான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. 13-இல் 12 என்ற அளவுக்கு அவனுடைய ஏணியில் படி இல்லை. 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகி வந்த எண். ஏழில் ஒன்றோ பதின்மூன்றில் ஒன்றோ அதற்குள் அடங்காது. மூன்றில் ஒன்றுகூட அடங்காது. ஏணி உறுதியானது, அதன் படிகள் எண்ணிவைத்தவை. இன்றைய குறியீடு எந்த எண்ணையும் எந்த எண்ணாலும் பங்கிட இடம் தருகிறது. விகிதமும் இயற்கணிதமும் அந்த வாசல் வழியாகத்தான் வர முடியும். இந்த ஒரு காரணத்துக்காகவே புதியதன் பக்கம் நிற்பேன்.

ஆனால் பழையதிடம் இருந்த ஒன்று புதியதில் நெடுங்காலம் விடுபட்டிருந்தது: பின்னம் ஓர் அளவு, அதற்கு வரிசையில் ஓர் இடம் உண்டு என்ற உணர்வு. பீட்சாவை எட்டாக வெட்டி மூன்று துண்டுக்கு நிறம் தீட்டுகிற பிள்ளைக்கு 3/8 ஒரு படம். அது 1/2-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது படத்தில் உடனே தெரிவதில்லை. அமெரிக்க மாநிலங்கள் பல 2010-இலிருந்து ஏற்ற பொதுப் பாடத்தரம், மூன்றாம் வகுப்பிலேயே பின்னத்தை எண்கோட்டில் புள்ளியாக வைக்கச் சொல்கிறது. நான்காம் வகுப்பில் ஓரினப் பின்னங்களைக் கூட்டுவது, ஐந்தில் வேற்றினப் பின்னங்கள் என்று அதற்குப் பிறகே போகிறது. அளவுகளை நீளப் பட்டைகளாக வரைந்து காட்டும், சிங்கப்பூரில் 1980-களில் வந்த பட்டைப்பட முறையும் இதே வேலையைச் செய்கிறது. என் கணிப்பில் எண்கோடு என்பது முந்திரி ஏணியைப் படுக்கப்போட்டதுதான். நம் வகுப்பறைகளில் எண்கோட்டை ஒரு பீரியடில் முடித்துவிட்டு மீ.சி.ம. காண ஓடுகிறோம். ஏணியின் மேல் பழைய வாத்தியார்கள் எத்தனை மாதம் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார்கள் என்பதை நினைத்தால் அந்த ஓட்டம் வீண் அவசரமாகத் தெரிகிறது.

பெருக்கலிலும் இதே கதை. பெருக்கினால் எண் பெரிதாகும் என்று மூன்றாம் வகுப்பில் மனத்தில் பதிந்துவிடுகிறது; 1/4 × 1/4 = 1/16 வரும்போது பிள்ளை மிரள்கிறது. திண்ணைப் பள்ளியின் வாய்பாட்டு நூலான எண்சுவடியில் பின்னத்துக்கும் வாய்பாடு உண்டு. காலில் கால் மாகாணி என்று ஒப்பித்தவனுக்குப் பெருக்கல் சிறுக்கவும் செய்யும் என்பது செய்தியே அல்ல. ஏன் என்று கேட்டால் சொல்லியிருப்பானா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டான். ஏன் என்று கேட்பது அந்தப் பள்ளியின் வழக்கமில்லை. கணக்குப்பிள்ளைக்குத் தேவை விடை.

அந்த விடை நிலத்திலும் நெல்லிலும் போய் நின்றது. காவிரிப் படுகையில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஆகவே மா என்பது இருபதில் ஒன்று என்ற பின்னமும்தான், வேலியில் இருபதில் ஒன்றான நிலமும்தான். இன்றும் தஞ்சைப் பக்கம் மூணு மா என்றால் ஒரு ஏக்கர் என்று புரிந்துகொள்வார்கள். சதுரங்களுக்குக் குழிமாத்து என்று தனி வாய்பாடே இருந்தது. நெல்லிலக்கத்தில் எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம். பொன்னில் கிடைக்காத மூன்றில் ஒன்று நெல்லில் கிடைத்தது. இன்றைய ஐந்தாம் வகுப்பில் பரப்பளவு, கட்டத்தாளில் சதுரம் எண்ணுவதோடு தொடங்குகிறது. முறை நல்லதுதான். ஆனால் வரப்புக்குள் கால் வைக்காத சதுர சென்டிமீட்டர் அது. சுற்றளவோடு பிள்ளைகள் அதைக் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை.

பழையதைப் புகழ்வோர் வசதியாக மறக்கிற ஒன்றும் உண்டு. 1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள் என்று வந்தது. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒன்று. எண்ணிக்கை அந்தக் காலத்துக்குக் குறைவல்ல. ஆனால் அந்தத் திண்ணைகளில் பெண்பிள்ளைகள் அபூர்வம், தீண்டாமைக்கு உள்ளான சாதிகளின் பிள்ளைகள் ஏறவே முடியாது. நெல்லை அளந்தவனுக்கு முந்திரி தெரியும். அறுத்தவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். 2/20 என்று தப்பாக எழுதும் பிள்ளை இன்று வகுப்புக்குள் உட்கார்ந்து எழுதுகிறது. ஒப்பிடும்போது இதைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது.

16 அணா ஒரு ரூபாயாக இருந்தவரை வீசமும் அரைக்காலும் கடைத்தெருவில் உயிரோடு இருந்தன. வீசம் ஓர் அணா, அரைக்கால் இரண்டணா. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. ஓர் அணா ஆறே கால் பைசா. அந்தக் கால் பைசாவுக்கு நாணயம் இல்லாததால் ஆறு என்று வைத்துக்கொண்டார்கள். பள்ளியில் தசமம் வலுத்தது. தசமமும் ஓர் ஏணிதான், பத்துப் பத்தாக இறங்குவது. முந்திரியின் குறை அதற்கும் உண்டு. ஒரு பொன்னை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 106 முந்திரி (காலே மாகாணி காணி அரைக்காணி), மீதி இரண்டு முந்திரி. அதையும் கீழ்முந்திரியாக்கினால் ஆளுக்கு 213, மீதி ஒன்று. ஒரு ரூபாயை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 33 பைசா, மீதி ஒரு பைசா. 1/3 என்று எழுதிவிட்டால் மீதியே இல்லை, ஆனால் யார் கையிலும் எதுவும் வந்து சேர்ந்திருக்காது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இந்த மூன்று கணக்கையும் ஒரே நாளில் போட்டுப் பார்க்கலாம். அதற்குப் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை; இரண்டு பீரியட் போதும்.